பக்கத்துப் பல்

“பல்லு வலின்னு சொல்றே. எங்க, வாயைத் திறக்கச் சொல்லு பார்க்கலாம்.”

திருவொற்றியூருக்குள் நுழைகிற இடத்திலேயே தடுப்பு போட்டு மறித்தார் போலீஸ்காரர். மீன் ஏற்றுகிற லோடு ஆட்டோவின் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயஸ்ரீ, மடியிலிருந்த மகளைத் தட்டினாள்.

“சாருக்கு ஆ காட்டு லோகி.”

ஏழு வயசு லோகிதா மாஸ்க்கின் மேல் இரண்டு கையையும் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

“பாத்தியா? ஊரடங்குல ஊர் சுத்த உங்களுக்கு ஒரு சாக்கு.”

“சாக்குக்காகப் பெத்த புள்ளையோட கன்னத்தையா சார் வீங்க வைப்பாங்க?” ஜெயஸ்ரீ மகளின் கையை விலக்கி, மாஸ்க்கைக் கீழே இழுத்தாள். இடது கன்னம் பன்னு மாதிரி உப்பியிருந்தது.

போலீஸ்காரர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். “முதல்ல மாஸ்க்கைப் போடு. போ, போ.”

ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டு ரவிக்குமார் திரும்பிப் பார்த்தான். “இன்னா அடம்க்கா இது! முதுகுல ஒண்ணு வச்சேன்னா தன்னால தொறக்கும்.”

எண்ணூரில் அவர்கள் குப்பத்தில் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். பல் வலிக்க ஆரம்பித்த நாளிலிருந்து லோகிதா யாருக்கும் வாயைக் காட்டவில்லை. அங்கே பல் டாக்டர் யாரும் கதவைத் திறக்கவும் இல்லை. நோயாளியின் வாய்க்கு நேராக முகத்தை வைத்துச் செய்கிற வேலை, இந்தக் கொரோனாவில் யார் வருவார்கள்? கிராம்பும் உப்புத்தண்ணியுமாக நாளை ஓட்டினாள் ஜெயஸ்ரீ.

காய்ச்சலும் சேர்ந்துகொண்ட பிறகுதான் திருவொற்றியூர் பல் டாக்டர் ரெஜினா போனில், “இனி விட்டா சீழ் தாடைக்கு இறங்கிடும். உடனே கொண்டு வாங்க, உங்களுக்காக ஷட்டரைத் தூக்குறேன்” என்றார்.

ஓடியாட ஜெயஸ்ரீ ஒருத்திதான். புருஷன் குமாரவேல், போட்டில் வேலைக்கென்று விசாகப்பட்டினம் போனவன், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டான். எப்போது வருவான் என்று யாராவது கேட்டால், “வர்றப்ப வரட்டும், ஒரு ஆளு சோறு மிச்சம்” என்று சிரித்துவிடுவாள்.

பாதி தூக்கிய ஷட்டருக்குள் குனிந்து போனார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டி, வேர்த்துக் கொட்ட நின்றிருந்தார் டாக்டர்.

“பாப்பா, ஆ...”

திறக்கவில்லை. சாக்லேட் தருகிறேன் என்று கெஞ்சியும், போலீஸைக் கூப்பிடுவேன் என்று மிரட்டியும் பார்த்தாயிற்று.

“என்னம்மா இது? ஒரு ஆளைப் பார்த்தா இந்த ரூமையே கழுவிப் பூட்டணும். வீட்ல பெரியவங்களை விட்டுட்டு வந்திருக்கேன். நீங்க என்னடான்னா செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க.”

ஜெயஸ்ரீக்குச் சுருக்கென்றது. கையை ஓங்கினாள்.

“இப்ப தொறக்கிறியா, ஒண்ணு வைக்கட்டா? வலிக்கும்னு பயமாடி?”

“பயம்லாம் இல்ல.”

“பின்ன இன்னாடி?”

“இந்தப் பல்லு விழறதுக்குள்ள வந்துடுவேன்னு நைனா சொல்லிச்சு. வலை பின்ற தங்கூஸ் நரம்பக் கட்டி நைனாவே இழுக்கும்னு சொல்லிச்சு. இத்தப் புடுங்கிட்டா... நைனா எப்டிம்மா வரும்?”

ஓங்கிய கை அப்படியே நின்றது. இத்தனை நாளும் அந்தப் பக்கம் ஒரு வாய் சோறுகூட மெல்லாமல், நாக்குப் படாமல், அந்தப் பல்லை இவள் காவல் காத்திருக்கிறாள்.

டாக்டர் கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டார்.

ஜெயஸ்ரீ அந்தப் பக்கம் திரும்பி, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். திரும்பும்போது சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அடி லூசு! நைனா சொன்னது இந்தப் பல்லு இல்லடி. பக்கத்துப் பல்லு.”

“அது ஆடவே இல்லியே?”

“அதான் நைனா இன்னும் வரல.”

லோகிதா யோசித்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். “நெஜமாவா டாக்டர்?”

டாக்டர் அவள் பக்கம் குனிந்தார். “ஆமாடா கண்ணு. சொத்தைப் பல்லை நம்பி யாராவது வாக்கு குடுப்பாங்களா?”

வாய் திறந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு, பல்லை எடுத்து, பஞ்சு வைத்து அனுப்பும்போது டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். “அந்தப் பக்கத்துப் பல்லு விழ இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும்மா.”

“அதுக்குள்ளயா வராம போயிடுவாரு டாக்டரம்மா?” என்று சிரித்தபடி ஆட்டோவில் ஏறினாள் ஜெயஸ்ரீ.

ரெண்டு நாளில் வீக்கம் வடிந்தது. சாயங்காலம் தண்ணீர்க் குடத்தோடு வந்த ஜெயஸ்ரீ, வாசலில் முகத்துவாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த மகளைக் கவனித்தாள். இரண்டு விரல் வாய்க்குள் இருந்தது.

“இன்னாடி, வாயில கையி?”

“பக்கத்துப் பல்ல ஆட்டிக்கினு கீறேன்மா. சீக்கிரம் ஆடுச்சின்னா நைனா சீக்கிரம் வந்துடும்ல?”

வாயில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். டிவியிலும் நாளெல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள். நன்றாகத் திட்டத்தான் குடத்தை இறக்கினாள் ஜெயஸ்ரீ.

முகத்துவாரத்தில் ஒரு போட்டும் வரவில்லை. கண்ணுக்கு எட்டின மட்டும் வெறும் தண்ணீர்.

“போய் சோப்பு போட்டுக் கையைக் கழுவிக்கினு வந்து ஆட்டுடி.”