ஏழாவது தகடு

'ஏழாவதுக்குப் போகாதே. ஆறோடு விட்டுவிடு' என்று இராமலெட்சுமி மனதுக்குள் கெஞ்சினாள்.

மர்ஸூக்குக்கு அது எப்படிக் கேட்கும்? சொக்ஸ் பின்னும் இயந்திரத்துக்குள் தலையை நுழைத்திருந்தவன், டெஸ்டரின் ஊசியை ஏழாவது தகட்டில் வைத்தான். 'டிக்' என்று அது வளைந்து நிமிர்ந்தது.

"நல்லாத்தானே ஈக்குது!" என்று தலையை வெளியே எடுத்தான். "மோட்டரும் சரி, பதினாறு பீசோ தகடும் சரி. பிழை எங்க ஈக்குது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் ஒன்ன பாமன்கடையில இருந்து கூப்புடுறேன்?" என்றார் முதலாளி பதியுதீன் ஹாஜியார்.

கொட்டாஞ்சேனையில் அந்தச் சின்னப் பட்டறைக்குச் சோறு போடுவது அந்த ஒரே இயந்திரம். அதைச் சுழற்றுவது மோட்டர். ஆனால் சொக்ஸில் கட்டம் போடுவது அந்தத் தகடுகள்தான். ஐஸ்கிரீம் குச்சியை விட மெல்லிய தகடுகள். மின்சாரம் பட்டதும் இம்மி வளைந்து, ஒவ்வொன்றும் தன் பங்கு ஊசிகளைத் தட்டிவிடும். ஒன்று வளையாவிட்டால் கட்டத்தில் ஒரு கோடு விட்டுப்போகும்.

"மாசம் பூரா ஒழுங்கா ஓடுது. கடைசிக் கிழமை வந்தா ஏழாவது மவுத்தாப் போகுது. ரெண்டு நாள்ல தானா உசிர் வருது. இதென்ன மெஷினா, மனுசனா?"

"ஹாபர்ப் பக்கத்துக் கடல் காத்து ஹாஜியார். உப்புப் புடிக்கும்."

"உப்புக் காத்து கலண்டர் பாத்தா வீசும்?"

இராமலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிப்பை அடக்க வேண்டிய தேவையே பத்து மாதமாக அவளுக்கு வந்ததில்லை.

பத்து மாதத்துக்கு முன், ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில், காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போன அவள் புருஷன் பழனிமுத்துவை ஏற்றிக்கொண்டு போனார்கள். சட்டைப் பையில் அடையாள அட்டை இருந்தது; இருந்தும் கொண்டுபோனார்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொலிஸ், முகாம் என்று அவள் ஏறாத படியில்லை. எல்லாப் படியிலும் சிங்களத்தில் ஒரே பதில்: "மெஹே நே." இங்கே இல்லை. எங்கே என்பதைக்கூட அவள் இப்போது கேட்பதில்லை. உயிரோடு இருக்கிறான் என்று யாராவது ஒரு சொல் சொன்னால் போதும்.

இந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். மோட்டர் எரிந்தால் கம்பி சுற்றுகிறவனும் அவன்தான். ஆரம்பத்தில் ஏழாவது தகடு அடிக்கடி முரண்டு பிடிக்கும். "இது நம்ம லெச்சுமி மாதிரி. கோவிச்சுக்கிட்டா அசையாது" என்று பட்டறைக்கே கேட்கும்படி சொல்வான். அவள் நூல் உருண்டையால் எறிவாள்.

"அண்ணன் கை பட்ட சாமான்னு மாத்த மனசில்லையா அக்கா?" மர்ஸூக் தணிந்த குரலில் கேட்டான்.

அவள் பழுதான சொக்ஸ்களை எண்ணி அடுக்கத் தொடங்கினாள்.

"இந்த முறையும் நாலு டசின் பழுது," என்றார் ஹாஜியார். "கடைக்குக் குடுக்க ஏலா. வழமை மாதிரி ஜெயில் ஆக்களுக்கே போகட்டும். வெள்ளிக்கிழமை கைதிகள் நலச் சங்கத்து மிஸ் மூட்டைய எடுக்க வருவா." சட்டென்று நினைவு வந்தவராக மேசை இழுப்பறையைத் திறந்தார். "அட, போன கிழமை அவ இதத் தந்துட்டுப் போனா. உள்ளுக்கு ஒருத்தன், பின்னின எடத்துக்கே திருப்பிக் குடுங்கன்னு சென்னானாம். சும்மா குடுத்ததுக்கும் கம்ப்ளெயின்ட்! விட்டுப்போன கோட்ட அவனே தைச்சும் வச்சீக்கான், பாரு."

இராமலெட்சுமி அந்த ஒற்றைச் சொக்ஸை வாங்கினாள். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் விடுபட்ட இடம் நீல நூலால் நிரம்பியிருந்தது. இடுப்பில் கட்டும் சாரத்திலிருந்து உருவிய நூல். உட்புறத்தைத் திருப்பினாள். நூலின் முனையில் ஒரு முடிச்சு. மோட்டருக்குள் சுற்றிய கம்பி அசையாதிருக்கப் போடுகிற முடிச்சு. அதை இடக்கையால் தலைகீழாகப் போடுகிறவன் ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும்.

"எந்த ஜெயிலுன்னு சொன்னாங்களா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நான் கேக்கல்லயே. ஏன் புள்ள?"

"சும்மாதாங்க. வெள்ளிக்கெழம நானே கேட்டுக்கிறேன்."

மர்ஸூக் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்தான். "சிங்கப்பூர்ல இருந்து புது செட். இதுல வயரெல்லாம் உள்ளுக்கே மூடி ஈக்குது. யாரும் கை வைக்க ஏலா."

"அப்ப இப்பவே மாத்து," என்றார் ஹாஜியார். "லெச்சுமி, அந்தப் பழசக் கழட்டிக் குடு புள்ள. ஒனக்கும் மாசா மாசம் இந்தத் தலைவலி வேணாம்."

அவள் சொக்ஸை மடித்து இடுப்பில் செருகினாள். போய் இயந்திரத்துக்கும் மர்ஸூக்குக்கும் நடுவில் நின்றாள். ஏழாவது தகட்டின் வயர்முனை மட்டும் தேய்ந்து பளபளத்தது. ஒவ்வொரு கடைசிக் கிழமையும் அதைக் கழற்றிவிட்டு நாலு டசின் பின்னி, பின்னி முடித்ததும் பழையபடி மாட்டியவள் அவள்தான். எந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தாலும், கோவித்துக்கொண்ட ஏழாவது விட்டுப்போன கோட்டைக் கண்டால் அவனுக்கு மட்டும் விளங்கும் என்று.

"வேணாங்க மொதலாளி," என்றாள் மெதுவாக. "இது இப்படியே இருக்கட்டும்."