வேலியோடு நின்ற ரசிகர்கள்

"சைக்கிளை நிப்பாட்டும். தொடங்கியிட்டா," என்றான் பரமலிங்கம்.

வாய்க்கால் கரையில் இருவரும் காலூன்றி நின்றார்கள். தடி நட்ட கதியால் வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு வளவுக்குள்ளிருந்து ஒப்பாரிக் குரல் நீண்டு வந்தது.

முரசுமோட்டைக் கொலனியில் சிற்றம்பலத்தார் காலமாகிவிட்டார். கிளிநொச்சியில் தையல் கடை வைத்திருந்த பரமலிங்கத்துக்கும், வடமராட்சியிலிருந்து மாற்றலாகி வந்த யோகநாதன் வாத்தியாருக்கும் அந்த மனிதரை முன்பின் தெரியாது. அவர்கள் வந்தது அன்னபாக்கியத்தின் ஒப்பாரியைக் கேட்க.

நாதஸ்வரத்துக்கு ரசிகர்கள் உண்டு, கூத்துக்கும் உண்டு. செத்த வீட்டுக்குமா என்று கேட்காதீர்கள், இருந்தார்கள். குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய சனத்துக்கு, ஒரு சாவு விழுந்தால் கட்டிப்பிடித்து அழச் சொந்தக்காரப் பெண்கள் காணாது. அன்னபாக்கியத்துக்குத்தான் ஆள் போகும். புருசன் வீரகத்தி அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவான். அவள் வாய் திறந்தால் பாடைக்குத் தடி வெட்டுகிறவனும் கத்தியை வைத்துவிட்டு மூக்கைச் சீந்துவான்.

யோகநாதன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தன் ஊர் விமலேஸ்வரியின் ஒப்பாரிக்கு முன்னால் வன்னியில் ஒருத்தியும் நிற்கமாட்டாள் என்று தையல் கடையில் இருந்துகொண்டு நாள் தவறாமல் வாதாடுவான். பரமலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்னபாக்கியம் பாடமாக்கி அழுகிறவளல்ல, கண்ணில் படுகிறதையெல்லாம் அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டி அழுகிறவள் என்பான். நெடுங்கேணிச் செத்த வீட்டில் பிந்தி வந்த மருமகனையும், கயிறு அறுத்த மாட்டையும்கூட ஒப்பாரிக்குள் கொண்டுவந்துவிட்டாளாம்.

"இண்டைக்குக் கேட்டுப்போட்டுச் சொல்லும்," என்றுதான் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். "அவா தோத்தா, நான் இனி ஒப்பாரியைப் பற்றிக் கதைக்கவே மாட்டன்."

கொலனி வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. வாய்க்காலோடு வந்து விசாரிக்கச் சொல்லியிருந்தார்கள். விசாரிக்க வேண்டியிருக்கவில்லை, குரலே வழி காட்டிவிட்டது. ஆண்கள் உள்ளே நுழைந்தால் பெண்கள் அழுகையை முறித்துக்கொண்டு எழும்பிவிடுவார்கள் என்று இருவரும் வேலியோடு நின்றுகொண்டார்கள்.

பறைச் சத்தத்தைக் காணவில்லையே என்றான் யோகநாதன். பறைகாரர் பரந்தனிலிருந்து வரவேண்டும், பிந்தும் என்றான் பரமலிங்கம். மற்றப் பெண்கள் கூடச் சேர்ந்து அழாததற்கும் அவனிடம் பதில் இருந்தது. அன்னபாக்கியம் பாடும்போது குறுக்கே வாய் திறக்க யாருக்கு மனம் வரும்?

"பிடிச்ச கயிறு நழுவுதே, என்ர ராசா...
விட்டிட்டு ஓட ஏலாமக் கிடக்கே, என்ர ராசா..."

யோகநாதன் கண்ணை மூடிக்கொண்டான். ஆயுளைத்தான் கயிறு என்கிறாள் என்று மெல்லச் சொன்னான். வகுப்பில் செய்யுள் படிப்பிக்கிறவன், விளக்கம் சொல்லாமல் இருக்க முடியுமா? பரமலிங்கம் தானே எழுதிக் கொடுத்தவன்போலத் தலையை ஆட்டினான்.

குரல் இன்னும் மேலே ஏறியது. ஏறின இடத்தில் உடைந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் ஏறியது. இப்படி ஒருநாளும் அவள் அழுததில்லை.

"வேலியோட நிக்கிற மக்காள், கால் எழும்பேல்லையோ...
உங்களைப் பெத்தவளுக்கும் ஒரு ராசா இல்லையோ..."

பரமலிங்கம் யோகநாதனின் கையை இறுக்கிப் பிடித்தான். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கதியால் இடைவெளியால் அவர்களுடைய வெள்ளைச் சட்டைகளைக் கண்டிருக்கிறாள், கண்டதும் ஒப்பாரிக்குள் இழுத்துவிட்டாள். இதைத்தானே அவன் இத்தனை நாளும் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தான்! மரியாதைக்காகக் கையிலிருந்த பீடியை அணைத்தான்.

யோகநாதன் கண்ணைத் துடைத்தான். வாத்தியாருக்குத் தோல்வியை ஒப்புக்கொள்வது லேசான காரியமல்ல, ஆனாலும் நேர்மையான ரசிகன்.

"தோத்தன் காணும். விமலேஸ்வரி இவவின்ர கால் தூசிக்கும் காணாது."

அந்த நேரம் பார்த்துக் குரல் நின்றது. பிரேதம் எடுக்கப் போகிறார்கள் போலும், அவளுடைய முகத்தையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று இருவரும் வேலியைச் சுற்றி வாசல் படலைக்குப் போனார்கள்.

வளவில் பந்தல் இல்லை. சனம் இல்லை. வீட்டுத் திண்ணையோடு வீரகத்தியின் சைக்கிள்தான், புறப்படத் தயாராகச் சாத்தியிருந்தது. முற்றத்தில் இரண்டு கோழிகள் கிளறிக்கொண்டு நின்றன. வேலிப் பக்கமாக, கட்டுக் கட்டாத கிணறு ஒன்றின் விளிம்பு புதிதாக இடிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் அன்னபாக்கியம் குந்தியிருந்தாள். செத்த வீட்டுக்குப் போகவென்று உடுத்த வெள்ளைச் சேலை முழுக்கச் சேறு. கயிறு உருவிக்கொண்டு போன உள்ளங்கைகளில் தோல் இல்லை.

யோகநாதன் ஓடிப்போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். கலங்கிய தண்ணீரில் வீரகத்தியின் சால்வை மட்டும் மிதந்தது.

தூரத்தில், அடுத்த வாய்க்கால் பக்கம், சிற்றம்பலத்தார் வீட்டில் பறை அடிக்கத் தொடங்கியது.

"நாங்கள்... நீங்கள் ஒப்பாரி சொல்லுறியள் எண்டு..." என்றான் பரமலிங்கம்.

அன்னபாக்கியம் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

"எனக்கு வேற மாதிரிக் கத்தத் தெரியாது, தம்பி."