பச்சைப் பொட்டு

"லைசென்ஸை மட்டும் பிடுங்கிடாதீங்க மேடம். மெதுவா ஓட்டுறது ஒரு குத்தமா?"

பூட்டுக்கடைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள் என்றால் மாலை போடவா கூப்பிடுவார்கள் என்று நினைத்து நினைத்தே அவருக்கு முகம் வாடியிருந்தது.

இளம் பொறியாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லைசென்ஸ் உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும், முதலில் இதைப் பாருங்கள் என்று, சுவரை அடைத்துக்கொண்டிருந்த திரைப் பக்கம் அவரைத் திருப்பினாள்.

திரையில் ஒரு நாள் காலையில் பதிவான சுற்றுச்சாலைப் படம் ஓடியது. இப்போது வரும் வண்டிகளில் எல்லாம் ஒரு சின்ன ரேடியோ பெட்டி இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் போகிறேன் என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும். சாலையோரக் கம்பங்களில் மாட்டியிருக்கும் கருவிகள் அதைக் கேட்டு இந்த அறைக்கு அனுப்பும். சீராக ஓடும் வண்டி பச்சைப் பொட்டு, நின்று நின்று திணறும் வண்டி சிவப்புப் பொட்டு. வண்டி யாருடையது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் பெட்டி மூச்சு விடாது.

அந்தச் சாலையில் காலை வேளையில் விபத்து இருக்காது, சிக்னலும் கிடையாது. ஆனாலும் நெரிசல் தாங்காது. ஒருவர் சும்மா பிரேக்கைத் தொடுவார், பின்னால் வருபவர் அழுத்தி மிதிப்பார், அவருக்கும் பின்னால் வருபவர் நின்றேவிடுவார். அப்புறம் கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்புதான்.

"இப்போ பாருங்க. இந்தப் பச்சைப் பொட்டு நீங்க."

சிவப்புக் கூட்டத்துக்குள் ஒரே ஒரு பச்சைப் பொட்டு அலட்டிக்கொள்ளாமல் நகர்ந்துகொண்டிருந்தது. அது கடந்து போகப் போக, அதன் பின்னால் வந்த சிவப்பெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. பூட்டுக்கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

அந்தப் பொட்டு எந்த வண்டி என்று கண்டுபிடிக்க, பல நாள் நடைமேம்பாலத்தின் மேல் வெயிலில் நின்றதாகச் சொன்னாள் பொறியாளர். சாப்பிடும்போதுகூட அந்தப் பொட்டைப் பற்றியே பேசி, வீட்டில் எல்லாரிடமும் திட்டு வாங்கினாளாம்.

"அந்த ரோட்டுல வண்டி ஓட்டாதவங்க யாரு? ஆனா டிரைவர்னு சொன்னா அது நீங்க ஒருத்தர்தான் சார்."

அவளுக்கு இவரை விட்டால் வேறு வழியும் இல்லை. நெரிசலை அளந்து காட்டினது போதும், குறைத்துக் காட்ட முடியுமா என்று கேட்டுவிட்டார் தலைமைப் பொறியாளர். முடியாவிட்டால் கம்பங்களில் இருக்கும் கருவிகளையெல்லாம் கழற்றிவிடச் சொல்லியிருந்தார். அவள் ராப்பகலாகப் பாடுபட்டு மாட்டிய கருவிகள். பூட்டுக்கடைக்காரர் ஓட்டுகிற விதத்தை ஊர்ப் பேருந்து ஓட்டுநர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் சாலையே சீராகிவிடும் என்பது அவள் கனவு.

எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள், எந்த கியர், எப்போது வேகத்தைக் குறைப்பீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"முன்னாடி போறவன் பிரேக் அடிச்சாலும் நான் அடிக்கக் கூடாது. அவ்வளவுதாம்மா."

இந்த அடக்கம் யாருக்கு வரும் என்று அவள் நெகிழ்ந்துபோனாள். தலைமைப் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் அவர் வண்டியிலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வழக்கமாக வரும் நேரத்தில் தனக்கு வேலை இருக்கிறது, கொஞ்சம் பிந்தி வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார் அவர். அப்போதும் சாலையில் இதே கூட்டம்தான், அதனால் அவள் சம்மதித்தாள்.

அன்றைக்குப் பின்சீட்டில் தலைமைப் பொறியாளரும் அவளும். அவள் மடியில் சாலைப் படம் ஓடும் டேப்லெட்.

சுற்றுச்சாலையில் ஏறியதுமே வண்டி ஒரு லாரியின் முதுகில் ஒட்டிக்கொண்டது. லாரி மெதுவானது. பூட்டுக்கடைக்காரர் மிதித்த மிதியில் தலைமைப் பொறியாளரின் நெற்றி முன்சீட்டில் இடித்தது. அப்புறம் ஹாரன், ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்கு ஒரு பாய்ச்சல், மறுபடியும் பிரேக். டேப்லெட்டில் அவர்களுக்குப் பின்னால் வந்த பொட்டுகள் மளமளவென்று சிவந்தன. தலைமைப் பொறியாளர் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவில்லை.

சாலை முடிந்து ஓரமாக நிறுத்தியபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் உழைப்பும் போயிற்று.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? தினமும் ஓட்டுற மாதிரி ஓட்டத்தானே சொன்னேன்?"

பூட்டுக்கடைக்காரர் சங்கடத்தோடு திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார்.

"நானும் பாத்துப் பாத்துதாம்மா ஓட்டினேன், வரமாட்டேங்குதே. தினமும் எங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து இந்த சீட்டுல படுத்துத் தூங்குவாங்க. வீட்டுக்குப் போயிட்டா பிள்ளைங்க எங்க தூங்க விடுது? வழியில அவங்க தூக்கம் கலையக் கூடாதுன்னு ஓட்டுவேன். இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுல்ல வர்றீங்க?"



"வண்டியைத் திருப்பி மறுபடியும் அதே ரோட்டுல விடுங்க" என்ற தலைமைப் பொறியாளர், காலை நீட்டிச் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.