பையன் எங்கே வேலை செய்கிறார்?

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மகளைச் சந்தேகப்பட்ட ஒரு தாயின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான். கையில் இருக்கும் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளைத் தாண்டி ஓர் அச்சுக்கடை. அதன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கைப்பையை மார்போடு அணைத்தபடி உஷாராணி நின்றாள்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி வந்திருந்தாள். வருவதாக மகளிடம் சொல்லவில்லை.

உள்ளே மகள் புனிதா கணினி முன்னால் இருந்தாள். திரையில் அதே பையன்.

அந்த முகத்தை உஷாராணி வீட்டிலேயே பார்த்திருக்கிறாள். புனிதா வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவாள். அம்மா வரும் சத்தம் கேட்டால் மடிக்கணினியை மூடிவிடுவாள். மூடுவதற்குள் கண்ணில் பட்டதுதான். ஒரு நாள் அவனுக்கு மீசை இல்லை. மறுநாள் அரும்பியிருந்தது. ஒரு நாள் ஜிப்பா, இன்னொரு நாள் பட்டுச் சட்டை.

யாருடி அது என்று கேட்டதற்கு, “கஸ்டமர் வேலமா. வெளிய சொல்லக் கூடாது லா” என்றாள்.

சொல்லக் கூடாத வேலை, அது என்ன வேலை? கல்யாண அட்டையும் பேனரும் செய்கிற கடையில் ஒரே ஆம்பளை முகத்தை வைத்துக்கொண்டு நாள் கணக்காக என்னதான் செய்கிறாள்?

படம் போடுகிற படிப்பெல்லாம் ஒரு படிப்பா என்று சொந்தக்காரர்கள் சொல்லத்தான் செய்தார்கள். புனிதா அழுது அடம்பிடித்துப் படித்தாள். தேடி அலைந்து கிடைத்த முதல் வேலை இது. இன்றோடு அதற்கு முழுக்குப் போட்டுவிட்டு மகளைக் கையோடு அழைத்துப் போய்விட வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் பாலர் பள்ளி ஒன்றில் ஆள் கேட்டிருக்கிறார்கள். இந்த முடிவோடுதான் உஷாராணி ரயில் ஏறினாள்.

இங்கே வந்து பார்த்தால், புனிதாவின் இரண்டு பக்கமும் ஒரு கணவன் மனைவி. பையனைப் பெற்றவர்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மனிதருக்கும் அதே அகன்ற நெற்றி.

கல்யாணப் பேச்சு இவ்வளவு தூரம் வந்துவிட்டதா? பெற்றவளுக்கு மட்டும் தெரியாமலா?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“மீச அவங்கப்பா மாதிரி அடர்த்தியா வரணும்மா” என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பொண்ணப் பெத்தவ நான்” என்றாள் உஷாராணி. “பையன் எங்க வேல செய்றாருன்னு நானும் தெரிஞ்சிக்கலாமா, அக்கா?”

புனிதாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அந்த மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அந்த அம்மாள் மட்டும் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

“போர்ட் கிள்ளான்ல” என்றாள். “கிரேன் ஓட்டுறான். மேல கண்ணாடி ரூம்ல உக்காந்துதான் வேல. வெயிலே படாது.”

“குடிப்பாரா?”

“அவனா? சேச்சே.”

“தே தாரிக் தேத்தண்ணிதான் குடிப்பான்” என்றார் கணவர், துடைக்கும் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல். “சீனிதான் ஜாஸ்தி.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். உஷாராணிக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. எதையோ மறைக்கிறார்கள்.

அப்போதுதான் மேசை மேல் இருந்த இரண்டு படங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று கல்யாணப் படம். மணமக்கள், பக்கத்தில் இந்த இருவர். மணப்பெண்ணுக்கும் இந்த அம்மாளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

இன்னொன்று பத்துமலையில் எடுத்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் ஒரு சின்னப் பையன். அதே நெற்றி.

புனிதா எழுந்து அம்மாவின் காதருகே வந்தாள்.

“ரிஷிக்கு அதுக்கப்புறம் படமே இல்லமா. எடுக்கிறதுக்கு அவரு இல்ல, அந்த வயசுலயே தவறிட்டாரு. தங்கச்சி கல்யாணப் படத்துல அண்ணன் நிக்கணும்னு கேட்டாங்க. கல்யாணப் பொண்ணுக்குச் சொல்லாம குடுக்கணுமாம்.”

உஷாராணி கைப்பையைத் தரையில் வைத்தாள்.

ஒரு நாற்காலியை இழுத்து, அந்த அம்மாளின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கிரேன் ஓட்டுற புள்ளைக்குத் தோளு இன்னும் அகலமா இருக்கணும், புனிதா” என்றாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டார் படம் எடுக்க நிற்கும் நாளெல்லாம் தோளோடு தோள் இடிக்கட்டும். இடம் போதவில்லை என்று படம் எடுப்பவர் உங்களைப் பார்த்துச் சலித்துக்கொள்ளட்டும்.