பறக்கும் பாதை

வாழைத் தோட்டங்களுக்கு விமானத்தில் பூஞ்சாண மருந்து தெளிக்கும் நிறுவனம் அது. அலுவலக வாசலில் தயங்கி நின்ற பெரியவரைப் புதிய மேலாளர் உட்காரச் சொன்னார்.

“உங்க வீட்டு மேலயும் மருந்து விழுந்துச்சா ஐயா? கவலைய விடுங்க. பாதையை மாத்தி நாலு நாளாச்சு. இனிமே விமானம் அந்தப் பக்கமே வராது.”

“வரணும் தம்பி. அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

“எல்லாரும் வேண்டாங்கிறாங்க, நீங்க...”

“போன மாசம் மின்கம்பியில மோதி விழுந்த விமானத்தை ஓட்டினது என் மகன்தான். படுத்த படுக்கையா கிடக்கிற அவன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. வேலை அதிகம், அங்கேயே தங்கிட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன். விமானச் சத்தம் கேட்டா, அவன்தான் ஓட்டுறான்னு நம்பி ரெண்டு வாய் சாப்பிடுவா. நாலு நாளா வாயே திறக்கல.”

மேலாளர் வரைபடத்தை விரித்தார்.

“மருந்துக் குழாயை மூடிட்டுப் பறக்கச் சொல்றேன். வீடு எங்கன்னு காட்டுங்க.”