ஆறு ஜெரேனியச் சட்டிகள்

“பனிக்காலம் முடியுமட்டும் உள்ள வச்சுப் பாரும். பங்குனியில வந்து எடுக்கிறன்” என்று சொல்லித்தான் பவளராணி தன் ஆறு ஜெரேனியப் பூச்செடிச் சட்டிகளையும் எதிர்வீட்டுத் தயாநிதியிடம் கொடுத்துவிட்டு, வன்கூவரில் இருக்கும் மகனிடம் போனாள். டொரண்டோவில் பதினெட்டு வருஷம் ஒரே மாடியில் எதிரெதிரே வாழ்ந்தவர்கள். வெயில் விழும் ஒரே ஜன்னல் படுக்கையறையில் இருந்ததால், தயாநிதி கட்டிலைச் சுவரோரம் தள்ளிச் சட்டிகளுக்கு இடம் விட்டாள். சூடு கூடினால் செடி வெளிறிவிடும் என்று ஹீட்டரைக் குறைத்துவிட்டு, இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். மாசிக் கடைசியில் ஒரு மொட்டு சிவந்தது. படம் எடுத்து அனுப்பினாள். உடனே ஃபோன் வந்தது.

“இன்னும் வச்சிருக்கிறீரோ?” பவளராணி சிரித்தாள். “நான் இனி அங்க வரேல்லையப்பா. போகேக்கயே தெரியும். சொன்னா நீர் அழுவீர். அதுதான் சட்டியளைத் தந்திட்டு வந்தனான்.”

தயாநிதி ஃபோனை வைத்தாள். பால்கனிக் கதவைத் திறந்து, சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பனியில் வைத்தாள். ஐந்து போயின. மொட்டு விட்ட ஆறாவதைத் தூக்கியவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். குளிர் வீடெங்கும் புகுந்துகொண்டிருந்தது.