பகு

"பகைங்கிற சொல்லு எதுலருந்து வந்துச்சு?"

எட்டாம் வகுப்பில் தமிழ் டீச்சர் செண்பகத்தைத்தான் கேட்டார்.

விடை தொண்டை வரை வந்து நின்றுவிட்டது.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

வகுப்பே சிரித்தது.

பகு. பகுத்தால் பங்கு. பகிர்வதும் அதிலிருந்துதான். பகையும்.

பள்ளிக்கூடம் போவது நின்ற பிறகும் அந்த விடை அவளிடமே கிடக்கிறது.

இப்போது அவள் சித்தியின் வாசலில் நிற்கிறாள்.

முன்பு ஒரே வீடு. அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுந்தது. கடைசியில் மிஞ்சியது அம்மி. அப்பா அம்மியை இழுத்துக்கொண்டார். சித்தப்பா குழவியைத் தூக்கிக்கொண்டார்.

"இனி காத்த அரைச்சுத் தின்னுங்க" என்றார்.

இரண்டு பக்கமும் மிக்ஸி வந்தது. பேச்சு நின்றது.

இன்று அக்காவின் குழந்தையைத் தொட்டிலில் போடுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் முதலில் தொட்டிலேறுவது குழவிக்கல். பிறகுதான் பிள்ளை. கல்லைப் போலத் திடமாக வளருமாம்.

கடையில் புதுக்கல் வாங்கலாம் என்றாள் அம்மா.

"நமக்கு முன்னாடி தொட்டில்ல போட்ட கல்லு வரட்டும். அதுவரைக்கும் எம்புள்ள மடியிலயே கெடக்கட்டும்" என்றாள் அக்கா.

நல்ல நேரம் முடியப்போகிறது. யாரும் எழவில்லை.

செண்பகம் எழுந்து வந்துவிட்டாள்.

கதவு திறந்தது.

"சித்தி... குழவி."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தச் சொல்லுக்குப் பிள்ளை என்றும் பொருள்.

சித்திக்குப் பிள்ளை இல்லை.

சித்தி உள்ளே போனாள். வரும்போது மார்போடு ஒரு வெள்ளைத் துணிப்பொதி. உள்ளே கல். குளிப்பாட்டி மஞ்சள் பூசியிருந்தது. ஓரத்தில் ஒரு மைப்பொட்டு.

மை எப்போதோ காய்ந்திருந்தது.

அவள் கை நீட்டினாள். சித்தி கொடுக்கவில்லை. அவளைத் தாண்டி, சுவரைச் சுற்றி, இந்தப் பக்கம் நடந்தாள்.

கூடத்தில் வழி விட்டார்கள்.

கல்லைத் தொட்டிலில் கிடத்தினாள். ஒரு முறை ஆட்டினாள். எடுத்தாள்.

அக்கா குழந்தையை நீட்டினாள். அம்மாவிடம் அல்ல, சித்தியிடம்.

சித்தி கல்லை வைக்க இடம் தேடினாள்.

மூலையில் அம்மி. அதன்மேல் பழைய பேப்பர் கட்டு.

அப்பா எழுந்து போய்க் கட்டை எடுத்துக் கீழே வைத்தார். அம்மியைத் துண்டால் துடைத்தார்.

சித்தி அதன்மேல் குழவியை வைத்தாள். குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டாள்.

பிறகு அந்த வெள்ளைத் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.